ஈவல் கினீவல்: தாண்டியதை விட்டுவிட்டு விழுந்ததை மட்டும் பேசுகிறோமா?

பழையபுல்லட் எழுதியது:

நேற்று ராத்திரி தூக்கம் வராமல், அமெரிக்க பைக் சாகசக்காரர் ஈவல் கினீவல் சீசர்ஸ் பேலஸ் ஓட்டல் நீரூற்றைத் தாண்டப் பார்த்த அந்தப் படத்தைத் திரும்பவும் போட்டுப் பார்த்தேன். 1967 டிசம்பர் 31, லாஸ் வேகாஸ். வெள்ளைத் தோல் உடை, ட்ரையம்ஃப் பானவில் வண்டி, ஓட்டலுக்கு முன்னால் நீரூற்று, தாண்ட வேண்டிய தூரம் 141 அடி. மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பறக்கும் வரைக்கும் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. பின்சக்கரம் இறங்குகிற சாய்தளத்தைத் தொடாமல், அதற்கு முன்னால் ஒரு வேன் மேல் முட்டுக்கொடுத்துப் போட்டிருந்த பாதுகாப்புப் பலகையில் போய் மோதுகிறது. அந்த அடியில் ஹேண்டில்பார் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அப்புறம் மனிதர் வண்டிக்கு மேலாகப் போய்த் தரையில் விழுந்து, ஓடுகிற லாரியிலிருந்து தவறி விழுந்த மூட்டை மாதிரி உருண்டுகொண்டே இருக்கிறார், பக்கத்து ஓட்டலின் வண்டி நிறுத்துமிடம் வரைக்கும். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் நொறுங்கின, மணிக்கட்டும் இரண்டு கணுக்கால்களும் முறிந்தன. அந்த முனையில் கேமராவைப் பிடித்திருந்தவர் நடிகை லிண்டா எவன்ஸ். அவர் கேமராவை ஆட்டாமல் கடைசிவரை பிடித்திருந்ததால்தான் இன்றைக்கு நாம் இதைப் பார்க்க முடிகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் இவரை "விழுந்தே பேர் வாங்கியவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு அது மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த ஆள் தன் வாழ்க்கையில் சாய்தளத்திலிருந்து சாய்தளத்துக்கு 75 தடவைக்கு மேல் தாவ முயன்றிருக்கிறார், அதில் பெரும்பாலானவற்றில் நல்லபடியாக இறங்கியிருக்கிறார். 1971 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் ஒன்டேரியோ மோட்டார் ஸ்பீட்வேயில் 19 கார்களைத் தாண்டினார். 1973இல் லாஸ் ஏஞ்சலஸ் கொலீசியத்தில் அடுக்கி வைத்த 50 கார்களைத் தாண்டினார். அதையெல்லாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தேடினால் முதலில் வருவது சீசர்ஸ், அடுத்து இடாகோவின் ஸ்னேக் ரிவர் பள்ளத்தாக்கு, அடுத்து லண்டன் வெம்ப்ளி. மூன்றும் தோல்வி.

இது நியாயம்தானா? மெக்கானிக் வேலை தெரிந்தவர்கள், அமெரிக்காவில் இருக்கிறவர்கள், எல்லோரும் கொஞ்சம் பேசுங்கள்.

செயின்ஸ்ப்ராக்கெட் எழுதியது:

நல்ல கேள்வி அண்ணா. நான் வண்டியின் பக்கமிருந்து சொல்கிறேன், ஏனென்றால் இவரைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஆளைப் பற்றியே பேசுகிறார்கள், வண்டியை மறந்துவிடுகிறார்கள்.

1970 கடைசியிலிருந்து அவர் ஓட்டியது ஹார்லி டேவிட்சன் எக்ஸ்ஆர்-750. அது தாவுவதற்குச் செய்த வண்டியே இல்லை. மண் தரை வட்டப் பாதையில் வழுக்கிக்கொண்டு போகிற பந்தயத்துக்குச் செய்தது. எடை கிட்டத்தட்ட 135 கிலோ. பின்னால் இருக்கிற ஷாக் அப்சார்பர் சில அங்குலம்தான் அமுங்கும். இன்றைக்கு மேடு பள்ளத்தில் தாவி ஓடுகிற பந்தயத்துக்கான ஒரு மோட்டோகிராஸ் வண்டியை எடுத்தால் எடை 110 கிலோவுக்குள் இருக்கும், சஸ்பென்ஷன் சுமார் 12 அங்குலம் உள்வாங்கும். மேலிருந்து விழுகிற அடியை அந்த 12 அங்குலத்தில் மெதுவாகக் கரைத்துவிடலாம். சில அங்குலத்தில் கரைக்க முடியுமா? மிச்ச அடியெல்லாம் ஓட்டுபவர் முதுகெலும்புக்கும் மணிக்கட்டுக்கும்தான் போகும். நம் ஊர் பழைய வண்டியில் வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினாலே நடுமுதுகில் ஒரு குத்து விழும் இல்லையா, அதை 40 மீட்டர் பறந்து வந்து வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பந்தய வண்டியில் ஸ்பீடோமீட்டர் கிடையாது. வேகம் கொஞ்சம் குறைந்தால் முன்னாலேயே விழுவீர்கள், கொஞ்சம் கூடினால் சாய்தளத்தைத் தாண்டிப்போய்ச் சமதரையில் விழுவீர்கள், அது இன்னும் மோசம். காற்றில் இருக்கும்போது செய்வதற்கும் அதிகம் இல்லை. ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் பின்சக்கரம் வேகமாகச் சுற்றி முன்பக்கம் கொஞ்சம் தூக்கும், பின் பிரேக்கை அமுக்கினால் முன்பக்கம் கொஞ்சம் இறங்கும். அவ்வளவுதான். தூரத்தை ஒரு அடிகூட மாற்ற முடியாது. சாய்தளத்தின் விளிம்பை விட்டு வண்டி கிளம்பிய நொடியிலேயே எங்கே விழப்போகிறோம் என்பது முடிவாகிவிடுகிறது.

இதோடு, அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுக்க ஒரு பொறியாளர் குழுவும் கிடையாது. முழுத் தூரத்தை முன்கூட்டியே தாண்டிப் பார்க்கிற வழக்கமும் பெரும்பாலும் கிடையாது. கூட்டத்தின் முன்னால் தாவுவதுதான் முதல் தடவை. அதனால் "ஏன் இவ்வளவு தடவை விழுந்தார்" என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வண்டியை வைத்துக்கொண்டு எப்படி அத்தனை தடவை விழாமல் இறங்கினார் என்று கேட்க வேண்டும்.

புதுசுக்குபுதுசு எழுதியது:

நான் இவர் பெயரையே இங்கேதான் முதலில் பார்க்கிறேன். யார் இவர், எந்த ஊர்? ஈவல் என்பது நிஜப் பெயரா?

பழையபுல்லட் எழுதியது:

வாருங்கள் தம்பி. நிஜப் பெயர் ராபர்ட் கிரேக் கினீவல். 1938 அக்டோபர் 17 அன்று மொன்டானா மாநிலத்தில் ப்யூட் என்கிற செம்புச் சுரங்க ஊரில் பிறந்தவர். அப்பா அம்மா பிரிந்துவிட்டதால் தாத்தா பாட்டிதான் வளர்த்தார்கள். எட்டு வயதில் ஜோயி சிட்வுட் என்பவரின் கார் சாகசக் காட்சியைப் பார்த்தது அப்படியே மனதில் பதிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். கொஞ்ச காலம் சுரங்கத்தில் வேலை, அப்புறம் ஐஸ் ஹாக்கி, அப்புறம் வேட்டைக்கு வழிகாட்டி. போலீஸ் தொல்லையும் உண்டு. சிறையில் பக்கத்து அறையில் 'ஆஃபுல்' நோஃபல் என்று ஒருவன் இருந்தான், எதுகைக்காக இவருக்கு 'ஈவில்' கினீவல் என்று காவலர் பெயர் வைத்தார் என்பது அவர் சொல்கிற கதை. ஈவில் என்றால் கொடியவன். அந்தப் பொருள் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று பிற்பாடு ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டார்.

1961இல் யெல்லோஸ்டோன் பூங்காவில் எல்க் மான்கள் பெருகிவிட்டன என்று சுட்டுக் குறைத்தபோது, அதை எதிர்த்து ஒரு பெரிய எல்க் கொம்பைத் தூக்கிக்கொண்டு வழியில் போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டுக் கேட்டே ப்யூட்டிலிருந்து வாஷிங்டன் வரை போயிருக்கிறார். குளிர்காலத்தில். இவரைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த கதை இதுதான். தாவல் எதுவும் தொடங்காத காலம் அது. ஆனால் ஒன்றை நினைத்துவிட்டால் விடாத குணம் அப்போதே தெரிகிறது.

பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றார், நன்றாகவே விற்றார். அடுத்து வாஷிங்டன் மாநிலத்தில் மோசஸ் லேக் என்ற ஊரில் ஹோண்டா பைக் விற்றார். அந்தக் கடைக்குக் கூட்டம் சேர்க்கத்தான் 1965இல் முதல் தாவல். பெட்டி நிறைய ராட்டில் பாம்புகள், கூடவே இரண்டு மலைச் சிங்கங்கள், அவற்றுக்கு மேலாகத் தாண்டினார். அடுத்த வருடமே ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பிவிட்டார்.

சீசர்ஸ் பேலஸ் வாய்ப்பு எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1967 நவம்பரில் ஒரு குத்துச்சண்டை பார்க்க லாஸ் வேகாஸ் போனவர், அந்த நீரூற்றைப் பார்த்ததும் இதைத் தாண்ட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டார். ஓட்டல் முதலாளி ஜே சார்னோவை எப்படிப் பிடிப்பது? வக்கீல் மாதிரி ஒரு போன். தொலைக்காட்சியிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு போன். பத்திரிகையிலிருந்து பேசுகிற மாதிரி இன்னொரு போன். "கினீவல் உங்கள் ஓட்டலில் தாண்டப் போகிறாராமே, உண்மையா?" எல்லாக் குரலும் இவரேதான். இப்படித் திரும்பத் திரும்பக் கேட்கவும், யாரப்பா இந்த ஆள் என்று சார்னோ கூப்பிட்டு அனுப்பினார்.

சாய்தளத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போதே வண்டி எதிர்பாராமல் வேகம் குறைந்தது என்று பிற்பாடு சொன்னார். தம்பி செயின்ஸ்ப்ராக்கெட் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது, விளிம்பிலேயே எல்லாம் முடிவாகிவிட்டது. விழுந்த பிறகு 29 நாள் நினைவில்லாமல் கிடந்தார் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அதை நான் நம்பவில்லை, அவரைப் பற்றி ஆராய்ந்தவர்களும் மறுத்திருக்கிறார்கள். தன் கதையைத் தானே பெரிதாக்கிச் சொல்கிற பழக்கம் அவருக்கு எப்போதுமே இருந்தது.

எலும்புடாக்டர் எழுதியது:

கதையைப் பெரிதாக்குவது என்று வந்துவிட்டதால் அந்த 433ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கின்னஸ் புத்தகத்தில் இவர் பெயரில் 433 என்று ஒரு எண் உண்டு. இதைப் பலர் "433 எலும்பை உடைத்தவர்" என்று பகிர்கிறார்கள். வளர்ந்த மனித உடம்பில் இருப்பதே 206 எலும்புகள்தான். அந்த எண் முறிவுகளின் கணக்கு. ஒரே எலும்பு மூன்று இடத்தில் முறிந்தால் மூன்று. அந்த எண் எவ்வளவு துல்லியம் என்பதும் தனிக் கேள்வி.

எண்ணை விடுங்கள். நான் 20 வருடமாக விபத்து கேஸ்களைப் பார்க்கிறேன். இடுப்பெலும்பு முறிவு என்பது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற விஷயம் இல்லை. அந்த வளையத்துக்கு உள்ளே பெரிய ரத்தக் குழாய்கள், சிறுநீர்ப்பை, நரம்புகள் எல்லாம் இருக்கின்றன. வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, உள்ளேயே லிட்டர் கணக்கில் கசிந்து ஆள் போய்விடலாம். இந்த மனிதர் அதை ஒரு தடவைக்கு மேல் உடைத்துக்கொண்டார், 1967இல் ஒன்று, 1975இல் ஒன்று. தேறி எழுந்து மறுபடி வண்டியில் உட்கார்ந்தார். அந்த வலி எப்படிப்பட்டது என்பது என் நோயாளிகளின் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியும். ராத்திரி படுக்கையில் ஒருக்களித்துப் புரள முடியாமல் பெரிய ஆம்பளைகள் அழுவார்கள்.

அந்த அறுவை சிகிச்சைகளுக்கு ஏற்றிய ரத்தம் வழியாகத்தான் ஹெபடைடிஸ் சி தொற்றியது என்று அவர் நம்பினார். அந்தக் காலத்தில் ரத்தத்தில் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கப் பரிசோதனையே கிடையாது, அதனால் நடந்திருக்கக் கூடியதுதான். 1999இல் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை. கடைசியில் நுரையீரல் நாரிழை நோய். 2007 நவம்பர் 30 அன்று ஃப்ளோரிடாவில் 69 வயதில் இறந்தார். எந்த வண்டியும் அவரைக் கொல்லவில்லை.

இடாகோவாசி எழுதியது:

இந்த இழையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை, நான் இருப்பது, ஸ்னேக் ரிவர் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிற ட்வின் ஃபால்ஸ் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில். அந்தப் பள்ளத்தாக்குக்கு மூன்று நான்கு தடவை போயிருக்கிறேன்.

படத்தில் பார்ப்பதற்கும் நேரில் பார்ப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சுற்றிலும் தட்டையான விவசாய நிலம், கார் ஓட்டிக்கொண்டே வருவீர்கள், திடீரென்று தரை முடிந்துவிடும். கீழே 500 அடி ஆழத்தில் பச்சையாக ஆறு. எதிர்க்கரை கால் மைல் தள்ளி. பெரைன் பாலத்துக்குக் கிழக்கே தென்கரையில் அந்த ஏவுதளத்துக்காகக் குவித்த மண்மேடு இன்னமும் அப்படியே இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றேன். பக்கத்தில் என் பையன், எட்டு வயது, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பைக்கிலயா?" என்று கேட்டான்.

பைக்கில் இல்லை. முதலில் கிராண்ட் கேன்யனைத் தாண்டத்தான் ஆசைப்பட்டார், அரசு அனுமதி தரவில்லை. அதனால் இங்கே தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஸ்கைசைக்கிள் எக்ஸ்-2 என்று பெயர், ஆனால் அது ராக்கெட். கடற்படையில் ராக்கெட் வேலை பார்த்த ராபர்ட் ட்ரூவாக்ஸ் செய்தது. தண்ணீரைக் கொதிநிலைக்கு வெகு மேலே சூடாக்கி அழுத்தத்தில் அடைத்து வைத்து ஒரே நொடியில் திறந்துவிட்டால் ஆவி பீய்ச்சியடிக்கிற வேகத்தில் கிளம்பும், குக்கர் விசிலின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடாகோ மாநிலமே அதை விமானம் என்றுதான் பதிவு செய்தது. சோதனைக்கு ஏவியவை ஆற்றுக்குள் விழுந்தன என்பது தெரிந்தேதான் உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

1974 செப்டம்பர் 8. கிளம்பும்போதே பாராசூட் விரிந்துவிட்டது. விரிந்த பாராசூட்டோடும் அது மேலே போய்க்கொண்டிருந்தது, அப்புறம் எதிர்க்காற்று பின்னால் தள்ளித் தள்ளி, கிளம்பிய கரையின் அடிவாரத்திலேயே ஆற்றங்கரைப் பாறைகளில் கொண்டுவந்து போட்டது. பெரிய காயம் இல்லை. ஆனால் தண்ணீருக்குள் விழுந்திருந்தால் வார்களைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்திருக்க முடியாது, மூழ்கியே போயிருப்பார். அந்த மேட்டில் நின்று கீழே பார்த்தேன், தண்ணீருக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று. வயிற்றைப் பிசைந்தது.

அவரே வேண்டுமென்று பாராசூட்டை இழுத்துவிட்டார், பயந்துவிட்டார் என்று அன்றைக்கே பேச்சு கிளம்பியது. அது அவரைக் கடைசிவரை துரத்தியது. இதற்கு ஒரு பதில் 42 வருடம் கழித்து வந்தது, அதைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

மண்சாலை எழுதியது:

எல்லோரும் உருகி உருகி எழுதுகிறீர்கள், அதனால் நான் மறுபக்கத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஷெல்லி சால்ட்மன் பெயரை யாருமே எடுக்கவில்லையே?

ஸ்னேக் ரிவர் நிகழ்ச்சிக்கு விளம்பர வேலை பார்த்தவர் சால்ட்மன். கினீவலோடு சுற்றிய அனுபவத்தை ஒரு புத்தகமாக எழுதினார். அதில் தன்னையும் தன் குடும்பத்தையும் பற்றி எழுதியது பிடிக்காமல், 1977 செப்டம்பரில் கினீவல் ஒரு திரைப்பட நிறுவன வளாகத்துக்குப் போய், கூட வந்தவர் சால்ட்மனைப் பிடித்துக்கொள்ள, பேஸ்பால் மட்டையால் அடித்தார். தலைக்கு வந்த அடியைக் கையால் தடுத்ததால் கை நொறுங்கியது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஆறு மாதம் சிறை. பின்னால் 1981இல் நீதிமன்றம் 1 கோடியே 27 லட்சத்து 50 ஆயிரம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. இவர் திவால் என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பு வரை ஐடியல் கம்பெனி இவர் உருவத்தில் செய்த பொம்மை பைக் வீட்டுக்கு வீடு இருந்தது. கைப்பிடியைச் சுற்றிவிட்டால் பாய்ந்து ஓடும், குழந்தைகள் உயிராக இருந்தார்கள். இந்தச் சம்பவத்தோடு பொம்மைக் கம்பெனியும் விலகியது, ஹார்லியும் விலகியது. சரியாகத்தான் செய்தார்கள். எழுத்துக்கு மட்டையால் பதில் சொன்ன ஒருவரை வீரர் என்று என் வாயால் சொல்ல வராது. சுறாக்கள் இருந்த தொட்டியைத் தாண்டப் போன விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1977 ஜனவரி, சிகாகோவில் ஒத்திகையின்போது விழுந்து தன் கைகளை உடைத்துக்கொண்டதோடு, ஓரத்தில் நின்ற கேமராக்காரர் மேலும் போய் மோதினார். தன் உயிரைப் பணயம் வைப்பது அவர் விருப்பம். அந்தக் கேமராக்காரரைக் கேட்டா வைத்தார்?

பழையபுல்லட் எழுதியது:

மண்சாலை, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட நான் மறுக்கவில்லை. சால்ட்மன் விஷயத்தில் அவர் பக்கம் பேச எதுவுமே இல்லை. ஒரு மனிதனை இன்னொருவர் பிடித்துக்கொள்ள மட்டையால் அடிப்பது கோழைத்தனம், அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. நான் இந்த இழையை ஆரம்பிக்கும்போது அவரை நல்லவர் என்று நிரூபிக்க ஆரம்பிக்கவில்லை.

நான் கேட்பது வேறு. வெம்ப்ளியை எடுத்துக்கொள்ளுங்கள், 1975 மே 26, லண்டன், 90,000 பேர், 13 ஒற்றைத் தட்டு பஸ்கள். வரிசையாக நிறுத்தியிருந்த பஸ்களைப் பார்த்ததுமே இது முடியாது என்று கினீவல் தன்னிடம் சொன்னார் என தொலைக்காட்சி வர்ணனையாளர் ஃப்ராங்க் கிஃபோர்ட் பின்னால் சொல்லியிருக்கிறார். ஒரு பஸ்ஸை எடுத்துவிடலாமே என்றால் கேட்கவில்லை. 13 என்று சொல்லி டிக்கெட் விற்றாகிவிட்டது. தாவினார், கடைசி பஸ்ஸுக்கு மேல் இடித்து விழுந்தார், இடுப்பெலும்பு உடைந்தது, வண்டி அவர் மேலேயே வந்து விழுந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக விடவில்லை. இரண்டு பேர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று, மைக்கில் பேசி, இனி தாவ மாட்டேன் என்று அறிவித்து, நடந்து உள்ளே வந்தேன் நடந்துதான் வெளியே போவேன் என்று நடந்தே போனார்.

இது முட்டாள்தனம் என்று நீங்கள் சொல்லலாம், டாக்டரும் சொல்வார். எனக்கு அந்தக் காட்சியைப் பார்க்கும்போது தொண்டை அடைக்கிறது. போனில் வக்கீல் குரலில் பொய் சொன்ன ஆள், கதைகளை ஊதிப் பெரிதாக்கிய ஆள், 13 என்று சொன்னால் மட்டும் 13தான். அந்த ஒரு இடத்தில் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அவர் விழுந்ததைப் பார்க்கத்தான் கூட்டம் வந்தது என்பதை விட, இந்த ஆள் சொன்னால் செய்வான் என்று தெரிந்ததால்தான் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

மண்சாலை எழுதியது:

நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் எனக்கு இதில் சொந்தக் காயம் ஒன்று உண்டு, அதனால்தான் கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன்.

என் சித்தி பையன். 19 வயது. கல்லூரிக்குப் போகிற வழியில் ஒரு புதுச் சாலை, வண்டி நடமாட்டம் குறைவு, அங்கே பையன்கள் கூடி வீலிங் அடிப்பார்கள், ஒருத்தன் போனில் படம் பிடிப்பான். இவனும் அடித்தான். முன்சக்கரம் இறங்கும்போது கோணலாக இறங்கி, ஃபோர்க் திரும்பி, ஆளைத் தூக்கிப் போட்டது. ஹெல்மெட் டாங்க் மேலே மாட்டியிருந்தது, தலையில் இல்லை. உயிர் பிழைத்தான். ஆனால் இரண்டு வருடம் ஆகியும் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு நடுவில் வார்த்தை கிடைக்காமல் நம் முகத்தையே பார்ப்பான். சித்தி அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். தினமும். அதனால் யாராவது சாகசம் என்று ஆரம்பித்தாலே எனக்கு அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது.

எலும்புடாக்டர் எழுதியது:

படித்ததும் மனது கனத்துவிட்டது மண்சாலை. வார்த்தை தேடுவது பேச்சுப் பயிற்சியில் வருடக் கணக்கில்கூட மெல்ல மெல்ல முன்னேறும், விட்டுவிடாதீர்கள், பயிற்சியை நிறுத்த வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கினீவல் ஹெல்மெட் விஷயத்தில் வாழ்நாள் முழுக்கக் கண்டிப்பாக இருந்தவர். எந்தத் தாவலிலும் ஹெல்மெட் இல்லாமல் ஏறியதில்லை, குழந்தைகளுக்கும் அதையே சொன்னார். 1987இல் கலிஃபோர்னியாவில் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கும் மசோதா வந்தபோது சட்டமன்றக் குழு முன்னால் நேரில் போய் அதை ஆதரித்துப் பேசினார். சீசர்ஸ் படத்தில் தலை எத்தனை தடவை தரையில் அடிபடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். என்னிடம் வருகிற பையன்களுக்கு நான் அந்த உருளலைப் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

மண்சாலை எழுதியது:

இது எனக்குத் தெரியாது டாக்டர். அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன். சித்தியிடமும் சொல்கிறேன், நன்றி.

செயின்ஸ்ப்ராக்கெட் எழுதியது:

அவருக்குப் பிறகு வந்தவர்களைப் பற்றியும் பேசிவிடலாம், ஏனென்றால் அவர் செய்தது எவ்வளவு கடினம் என்று அவர்களைப் பார்த்தால்தான் புரிகிறது.

மகன் ராபி கினீவல் 1989 ஏப்ரல் 14 அன்று அதே சீசர்ஸ் நீரூற்றைத் தாண்டினார், நல்லபடியாக இறங்கினார். 1999 மே மாதம் கிராண்ட் கேன்யனின் ஒரு பகுதியில், பழங்குடியினருக்குச் சொந்தமான நிலத்தில், 228 அடி தாண்டினார். இறங்கும்போது விழுந்து கால் முறிந்தது, ஆனால் தாண்டிவிட்டார். அப்பாவுக்குக் கிடைக்காத இரண்டு இடமும் மகனுக்குக் கிடைத்தது. அவர் ஓட்டியது தாவுவதற்கென்றே சஸ்பென்ஷன் வைத்த இலகுவான வண்டி. இதை அவரைக் குறைத்துச் சொல்லவில்லை, 228 அடி என்பது எந்த வண்டியிலும் 228 அடிதான். ராபியும் 2023 ஜனவரியில் புற்றுநோயில் போய்விட்டார்.

அப்புறம் 2018 ஜூலை 8, ட்ராவிஸ் பாஸ்ட்ரானா. இது எனக்கு ரொம்ப முக்கியம், ஏனென்றால் அவர் வேண்டுமென்றே மோட்டோகிராஸ் வண்டியை எடுக்காமல் இந்தியன் ஸ்கவுட் எஃப்டிஆர்-750 எடுத்தார், எக்ஸ்ஆர் மாதிரியே மண் தரைப் பந்தய வண்டி. வெள்ளை உடை போட்டுக்கொண்டு லாஸ் வேகாஸில் ஒரே மாலையில் மூன்று தாவல். 52 கார்கள், 143 அடி. 16 பஸ்கள், 192 அடி. கடைசியில் சீசர்ஸ் நீரூற்று, 149 அடி. மூன்றிலும் இறங்கினார். நம் காலத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்களில் ஒருவர், கணக்கு, பயிற்சி எல்லாம் இருந்தும் அந்தக் கனமான வண்டி ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் எப்படி உதறுகிறது என்று பாருங்கள்.

கினீவலின் 1972ஆம் வருட எக்ஸ்ஆர்-750 ஒன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் கையில் இருக்கிறது. என்றைக்காவது அதன் பின் ஷாக்கை ஒரு தடவை கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தொட விடமாட்டார்கள் என்று தெரியும்.

இடாகோவாசி எழுதியது:

காலையில் பாதியில் விட்டுப்போனேன். 2016 செப்டம்பர் 16 அன்று எடி ப்ரான் என்ற ஸ்டன்ட் கலைஞர் அதே ஸ்னேக் ரிவர் பள்ளத்தாக்கைத் தாண்டினார். ராக்கெட்டின் பெயர் ஈவல் ஸ்பிரிட். அதைச் செய்தவர் யார் தெரியுமா? ட்ரூவாக்ஸின் மகன் ஸ்காட் ட்ரூவாக்ஸ். அப்பா போட்ட அதே வடிவம், அதே ஆவி இயந்திரம், பாராசூட் விரிகிற முறையை மட்டும் சரிசெய்தார். ப்ரான் நேராக எதிர்க்கரைக்குப் போய், அங்கே பாராசூட்டில் இறங்கினார். அதாவது 1974இல் பாராசூட் ஒழுங்காக வேலை செய்திருந்தால் கினீவல் தாண்டியிருப்பார். 42 வருடமாக "பயந்து இழுத்துவிட்டார்" என்று பேசியவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. அதைப் பார்க்க அவரும் இல்லை, மூத்த ட்ரூவாக்ஸும் இல்லை என்பதுதான் வருத்தம்.

புதுசுக்குபுதுசு எழுதியது:

இரண்டு நாளாக இந்த இழையையே படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எதிலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்? சீசர்ஸா?

பழையபுல்லட் எழுதியது:

வேண்டாம் தம்பி, அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் கிங்ஸ் ஐலண்ட் பாருங்கள். 1975 அக்டோபர் 25, ஒஹாயோ, 14 கிரேஹவுண்ட் பஸ்கள், 133 அடி. வெம்ப்ளியில் இடுப்பு உடைந்து, இனி தாவ மாட்டேன் என்று சொல்லி ஐந்தே மாதம். அதை ஒளிபரப்பிய 'வைட் வேர்ல்ட் ஆஃப் ஸ்போர்ட்ஸ்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியின் சரித்திரத்திலேயே அதிகம் பேர் பார்த்தது அன்றைக்குத்தான். பின்சக்கரம் 14ஆவது பஸ்ஸுக்கு மேலிருந்த பாதுகாப்புப் பலகையைத் தொடுகிறது, மயிரிழை. இந்தத் தடவை ஹேண்டில்பாரை விடவில்லை.

புதுசுக்குபுதுசு எழுதியது:

பார்த்துவிட்டேன் அண்ணா, கூடவே இன்னும் நாலைந்து பழைய படங்களும் பார்த்தேன். ஒரு சந்தேகம். தாவுவதற்கு முன்னால் சில படங்களில் அவர் முழு வேகத்தில் ஓட்டி வந்து, சாய்தளத்தில் ஏறாமல் பக்கவாட்டில் விலகிப் போய்விடுகிறார். திரும்ப வந்து மறுபடி அதே மாதிரி. கூட்டத்தைக் காக்க வைத்து ஆர்வத்தைக் கூட்டவா?

செயின்ஸ்ப்ராக்கெட் எழுதியது:

கூட்டத்துக்காகவும் இருக்கலாம் தம்பி. ஆனால் ஸ்பீடோமீட்டர் இல்லை என்று சொன்னேன் இல்லையா. எந்த கியரில் எஞ்சின் என்ன சத்தம் போடும்போது சரியான வேகம் என்று காதுக்குப் பழக்குகிறார். அந்தப் படத்தை ஒலியைக் கூட்டி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். கடைசித் தடவை வரும்போது சத்தம் வேறு மாதிரி இருக்கும்.